விலகி நிற்றலும் தொண்டே

1907ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரௌன்சீத் தீவில் பேடன் பவல் நடத்திய பாசறையிலிருந்து வளர்ந்ததே சாரணர் இயக்கம். அன்று சிறுவர்கள் நான்கு அணிகளாகப் பிரிக்கப்பட்டனர். ஒவ்வோர் அணிக்கும் சிறுவன் ஒருவனே தலைவனாக்கப்பட்டான். நம் நாட்டில் 1950 நவம்பர் 7 அன்று உருவான பாரத சாரண சாரணியர் இயக்கமும் இவ்வணி முறையையே கைக்கொண்டுள்ளது.

அங்ஙனமாயின், சாரண ஆசிரியரின் பணிதான் யாது? பாசறையில் சோறு குழைகிறது. கூடாரக் கயிற்றின் முடிச்சு நெகிழ்கிறது. உதவ ஆசிரியரின் கை தானே நீள்கிறது. அவ்விடத்துப் பொறுத்து நிற்றலே பயிற்சி என்பேன். குழைந்த சோற்றை உண்ட அணி, மறுநாள் நீரை அளந்து வார்க்கும்.

ஆயினும் நீர்நிலை, நெருப்பு, பயணம், இரவுத் தங்கல் ஆகியவற்றில் விலகி நிற்றல் தகாது. அங்கே முழுப் பொறுப்பும் பெரியவருடையதே. சிறுவருடன் பெரியவர் ஒருவர் தனித்திராது, இருவராய் இருத்தல் வேண்டும் என்னும் நெறி ஐயத்தால் எழுந்ததன்று; இரு சாரார்க்கும் அது காப்பாகும்.

மற்றொரு சோதனை விருது. ஆளுநர் விருதையும் குடியரசுத் தலைவர் விருதையும் பெற்றோர் விரும்புதல் இயல்பே. அதன்பொருட்டு மாணவனின் குறிப்பேட்டை ஆசிரியரே எழுதி முடிப்பாராயின், நம்பிக்கைக்குரியவராதல் என்னும் சாரணச் சட்டத்தின் முதற்கூறே பொய்யாகிவிடும்.

விடுமுறை நாள்களை ஊதியமின்றி ஈயும் இத்தொண்டர்க்குப் பள்ளி நிருவாகத்தார் பாடவேளைச் சுமையைச் சற்றே குறைத்தல் வேண்டும். பெற்றோரும் விருதுக்கு அவரை நெருக்காதிருத்தல் நன்று.