சுஷிக் கடைப் பலகை யாருக்குச் சொந்தம்?

யப்பானியரின் சுஷி உணவைப் பற்றி உலகெங்கும் எழுதப்படும் எழுத்துக்களிலே புதுவகைப் பக்தியொன்று அண்மைக் காலமாகத் தலைதூக்கியுள்ளது. எட்டுப் பேர் மட்டும் அமரக்கூடிய சிறு கடை. வழவழப்பாக இழைத்த ஒரே நீள்பலகை. அதற்கு அப்பால் வாய்திறவாது நிற்கும் முதியவர். அவர் கையிலிருந்து ஒவ்வொன்றாக வந்துசேரும், மீன் துண்டு போர்த்திய சோற்றுப் பிடி. இக்காட்சியை வருணிக்கப் புகுவோர் உடனே கோயில், பூசகர், தவம், ஞானம் என்ற சொற்களைத் தேடி எடுக்கின்றனர். கீழைத்தேயத்து ஆன்மாவே அப்பலகையில் வந்து அமர்ந்திருக்கின்றது என்கின்றனர். விலை என்ன, யார் அங்கே உட்கார முடியும், முதியவருக்குப் பின்னால் நின்று பாத்திரம் கழுவும் பையன் யார் என்று கேட்பது அவர்களுக்கு இரசனைக் குறைவாகத் தோன்றுகின்றது.

மறுபுறத்தில் நம்மவர் சிலர் வேறொரு தவறு செய்கின்றனர். 'இது பணக்காரரின் பொழுதுபோக்கு. பசித்த மக்களைப் பற்றி எழுதவேண்டிய நாம் இதைப் பேசுவானேன்?' என்று முகந்திருப்பிக் கொள்கின்றனர்.

இவ்விரு சாராரும் ஒரே இடத்திலேயே பிழைபடுகின்றனர். சுஷிக் கடைப் பலகை பிறப்பாலேயே செல்வர்க்குரியது என்ற பொய்யை இருவரும் ஒப்புக்கொள்கின்றனர். முன்னவர் அதனை வணங்குகின்றனர்; பின்னவர் அதனைப் புறக்கணிக்கின்றனர். உண்மையோ வேறு. அப்பலகை தெருவிலே பிறந்தது. உழைப்பவனின் பசிக்காகப் பிறந்தது. அது அவனிடமிருந்து எவ்வாறு பறிக்கப்பட்டது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

முற்காலத்துச் சுஷி, மீனைச் சோற்றோடு சேர்த்து மாதக்கணக்கில் புளிக்கவைத்த உணவாகும். இன்று உலகம் அறிந்த, கையாற் பிடித்த சுஷி அவ்வளவு பழைமையானதன்று. 1820களில், எடோ என வழங்கிய இன்றைய டோக்கியோ நகரிலே, வினாகிரி கலந்த சோற்றைக் கையிற் பிடித்து, அதன்மேல் மீன் துண்டை அமர்த்தி, அந்தக் கணத்திலேயே கொடுக்கும் முறை பரவியது. ஹனாயா யோஹேய் என்பவரின் பெயர் இதனோடு இணைத்துச் சொல்லப்படுகின்றது. ஆயினும் இதனை ஒரு தனிமனிதனின் மேதைமைக்குள் அடக்கிவிட முடியாது. எடோ அன்று மாபெரும் நகரம். தச்சர், சுமைகாவுவோர், மீன்கூடை தூக்கித் திரிவோர், ஊரைவிட்டு வேலை தேடி வந்த தனியாட்கள் என்று பெருங்கூட்டம் அங்கே நெருங்கி வாழ்ந்தது. அவர்களுக்கு அடுப்பெரிக்க இடமுமில்லை. காத்திருந்து உண்ண நேரமுமில்லை. மீன் நகரின் முன்னாலிருந்த குடாவிலிருந்து வந்தது. வினாகிரியோ, ஹண்டா என்னும் ஊரிலே நகானோ மாதாசாயெமோன் 1804இல் தொடங்கிய தொழிலிலிருந்து வந்தது. சாக்கே மது வடித்தபின் எஞ்சும் சக்கையிலிருந்து செய்யப்பட்ட மலிவான வினாகிரி அது. வேலையாளின் அவசரமும், மதுச்சாலையின் கழிவும், அருகிருந்த கடலும் கூடிப் பிறந்ததே இந்த உணவு.

ஒரு துண்டின் விலை பெரும்பாலும் 8 மொன். ஒரு கிண்ணம் சோபா 16 மொன். துண்டும் இன்றையதைப்போல் இருமடங்கு, மும்மடங்கு பெரிது. தெருவோரத் தட்டிக்கடையிலே நின்றபடி இரண்டைத் தின்று, கையைத் துடைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பலாம். இன்று பொன்விலை பெறும் சூரை மீன் அன்று தாழ்ந்த மீன். அதன் கொழுத்த வயிற்றுத் தசையைப் பூனைகூடத் தாண்டிச் செல்லும் என்று ஏளனம் செய்தனர். அதே இனத்து மீனொன்று, 278 கிலோ எடையுள்ளது, 2019 ஜனவரியில் டோக்கியோச் சந்தையின் புத்தாண்டு ஏலத்தில் 33 கோடியே 36 இலட்சம் யென்னுக்குப் போயிற்று. மீன் மாறவில்லை. சந்தை மாறிற்று.

செல்வரின் கை அன்றே நீளவில்லை என்று நாம் சொல்லவில்லை. யோஹேயின் கடையே விரைவில் செல்வரை நாடிற்று. 1841இல் தொடங்கிய தெம்போச் சீர்திருத்தத்தின் போது, ஆடம்பரச் சுஷி விற்றமைக்காக அவரும் பிற கடைக்காரரும் தண்டிக்கப்பட்டனர். ஆகவே தெருவின் சுஷிக்கும் மாளிகையின் சுஷிக்கும் இடையிலான இழுபறி அவ்வுணவின் வயதேயானது. இருந்தும், பலகை தெருவினுடையதாகவே நீண்ட காலம் நிலைத்தது. 1923 செப்டெம்பர் 1ஆந் திகதி நிகழ்ந்த பெருநிலநடுக்கத்தின் பின்னர் டோக்கியோவின் சுஷித் தொழிலாளர் பலர் தத்தம் ஊர்களுக்குச் சிதறினர். அவர்களோடு அத்தொழிலும் நாடெங்கும் பரவியது. போரும், பின்வந்த சுகாதாரக் கட்டுப்பாடுகளும் தெருக்கடையை மறையச் செய்தன. ஆனால் அதன் பலகை மறையவில்லை. கடைக்குள்ளே புகுந்து நின்றது.

1947ஆம் ஆண்டை இங்கே சிறப்பாகக் குறிப்பிடவேண்டும். உணவுப் பஞ்சத்தினால் உணவகங்களை மூட அரசு ஆணையிட்டது. டோக்கியோச் சுஷிக் கடைக்காரர் ஒரு வழி கண்டனர். 'நாம் உணவு விற்கவில்லை; மக்கள் கொண்டுவரும் அரிசியைக் கூலிக்குப் பதஞ்செய்து கொடுக்கின்றோம்' என்றனர். ஒரு கோ அரிசியை, அதாவது 180 மில்லிலீற்றர் அளவை, ஒருவர் கொண்டுவந்தால் அதற்கு ஈடாகப் பத்துத் துண்டு சுஷி பெறலாம். கூலி மட்டும் கொடுத்தாற் போதும். அழகியல் பேசும் நண்பர்களுக்குச் சொல்கின்றோம்: உங்கள் கோயில் அன்று பிழைத்தது ஞானத்தினால் அன்று, பங்கீட்டு அரிசியைப் பையிற் கொண்டுவந்த அயலவரால்.

அப்பலகையின் உண்மையான சிறப்பு என்ன? அது வேலை செய்யும் பலகையாகவும் உண்ணும் பலகையாகவும் ஒருங்கே இருப்பது. முதலாளித்துவ நகரத்தில் உண்பவன் சமைப்பவனைக் காண்பதில்லை. இடையிலே சுவர் உண்டு, கதவுண்டு, பரிசாரகன் உண்டு. அயலிலுள்ள சுஷிக் கடையிலோ அச்சுவர் இல்லை. கத்தி எங்கே வெட்டுகின்றது, கை எவ்வளவு சோற்றை எடுக்கின்றது என்பதெல்லாம் கண்முன்னே நிகழ்கின்றன. முதியவருக்குச் சோறு சிறிதாகவும் பசித்து வந்த இளைஞனுக்குப் பெரிதாகவும் பிடித்துக் கொடுக்க, செய்பவனால் முடிகின்றது. சுவரிலே விலைப்பலகைகள் தொங்குகின்றன. சாதாரணம், மேல், மிகமேல் என மூன்று தரம். சாதாரணத் தரம் கேட்பவன் வெட்கப்படுவதில்லை. தோளோடு தோள் இடிக்க அமர்ந்த இருவர், ஒருவர் ஆசிரியர், ஒருவர் வாகனச் சாரதி, பேச்சுக் கொடுக்காமல் எழுந்து போவது அரிது. இந்த நெருக்கத்தையே நாம் மதிக்கின்றோம். இது ஆன்மிக அற்புதம் அன்று. குறைந்த விலையும் சிறிய இடமும் நாள்தோறும் வரும் பழக்கமும் சேர்ந்து உண்டாக்கிய சமூக உறவு.

ஆனால் அந்த உறவைப் பொன்னாக்கிக் காட்டவும் கூடாது. அதற்கு யப்பானிய இலக்கியமே நமக்குச் சான்று தருகின்றது. ஷிகா நவோயா 1920இல் எழுதிய 'பையனின் தெய்வம்' என்ற பொருள்படும் சிறுகதையில், தராசுக் கடையிலே வேலை பழகும் சென்கிச்சி என்ற சிறுவன் வருகின்றான். மூத்த வேலையாட்கள் சுஷியைப் பற்றிப் பேசுவதைக் கேட்டுக் கேட்டு ஏங்கியவன், ட்ராம் கட்டணத்தில் மிச்சம்பிடித்த 4 சென்னோடு ஒரு தெருக்கடைக்குப் போகின்றான். சூரைத் துண்டொன்றைக் கையில் எடுக்கின்றான். ஒன்று 6 சென் என்கின்றான் கடைக்காரன். சிறுவன் எடுத்ததை மீண்டும் வைத்துவிட்டு வெளியேறுகின்றான். அதைக் கண்ட பிரபுக்கள் சபை உறுப்பினர் ஒருவர், பின்னொரு நாள், தாம் இன்னாரென்று காட்டிக்கொள்ளாமல் அவன் வயிறார உண்ண ஏற்பாடு செய்கின்றார். சிறுவன் அவரைத் தெய்வம் என்று கருதுகின்றான். அவருக்கோ காரணந் தெரியாத ஒரு தனிமை மனத்திலே படிகின்றது.

அந்தத் தனிமையின் காரணத்தைக் கதாசிரியர் தேடவில்லை. நாம் தேடுவோம். கொடுத்தவனுக்கும் பெற்றவனுக்கும் இடையே இருந்தது 2 சென் மட்டுமன்று. ஒரு சமுதாய அமைப்பு. தருமம் அந்த இடைவெளியை ஒருவேளை உணவால் மூடுகின்றதேயன்றி அகற்றுவதில்லை. மூடியவனின் மனம் அதனை அறிந்துகொண்டது, அறிவு ஒப்புக்கொள்ளவில்லை. ஷிகாவை மிக மதித்த கோபயாஷி தகிஜி, 1929இல் நண்டுத் தகரக் கப்பலின் தொழிலாளரைப் பற்றி நாவல் எழுதினார். எசமானை வைத்துக்கொண்டு எழுதும் இலக்கியம் தூயதாகாது என்ற கருத்தை ஷிகா 1931இல் அவருக்கு எழுதினார். 1933 பெப்ரவரி 20இல் தகிஜி பொலிசாரின் சித்திரவதையால் இறந்தார். ஷிகா மனம் வருந்தி அவருடைய தாயாருக்குக் கடிதம் எழுதினார். அவருடைய மனிதநேயத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் பலகையின் முன்னே நின்ற சிறுவனைக் காணப் போதுமாயிருந்த கண், அவனை அங்கே நிறுத்திய கையைக் காணப் போதவில்லை.

பலகைக்கு உட்புறத்திலும் ஒரு சென்கிச்சி நிற்கின்றான். 'சோறு சமைக்க மூன்று ஆண்டு, சுஷி பிடிக்க எட்டு ஆண்டு' என்பது அத்தொழிலின் பழமொழி. இதைப் பக்தர்கள் தவவலிமை என்று புகழ்கின்றனர். தொழிற்றிறன் பெறக் காலம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆண்டுகளில் கழுவுவதும், துடைப்பதும், உணவை வீடுவீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பதும் எவ்வளவு, கற்பது எவ்வளவு? அற்பக் கூலிக்குப் பெற்ற உழைப்பைத் 'தவம்' என்று பெயரிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா? பெண்களின் கை சூடானது, ஆகவே சுஷிக்கு ஆகாது என்ற மூடநம்பிக்கையும் இத்'தவ'த்தின் பாற்பட்டதே. வீட்டிலே தலைமுறை தலைமுறையாகச் சோறு பிடித்த கைக்குக் கூலி கிடைக்கும் இடத்தில் மட்டும் சூடு வந்துவிடுகின்றதாம்!

இனி இன்றைய நிலைக்கு வருவோம். 'ஒமகாசே' என்றால் 'உங்கள் பொறுப்பில் விடுகின்றேன்' என்று பொருள். அயற்கடையில் அது ஒருவரை ஒருவர் அறிந்தோரின் நம்பிக்கைச் சொல். டோக்கியோவின் கின்சா வட்டாரத்து உயர்தரக் கடைகளிலோ அது ஒருவருக்கு 30,000, 40,000 யென் பெறும் வியாபார முறையாகிவிட்டது. சுவரில் விலையில்லை, தெரிவுமில்லை. டோக்கியோவில் 2024 ஒக்டோபரில் விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,163 யென். 40,000 யென்னுக்கு அக்கூலியாள் 34 மணிநேரத்துக்கு மேல் உழைக்கவேண்டும். நான்கு நாள் உழைப்பு, இரண்டு மணிநேரத்தில் உண்டு முடிக்கப்படுகின்றது. கைத்திறனுக்கு நல்ல கூலி கொடுக்கவேண்டாமா என்று கேட்பார்கள். கொடுக்கவேண்டும். நம் சண்டை கைத்திறனின் கூலியோடன்று. 'எட்டுப் பேருக்கு மட்டுமே இடம். மற்றவர்க்கு இல்லை' என்பதையே பண்டமாக்கி விற்கின்றார்களே, அந்த விலையோடுதான் நம் சண்டை.

மறுமுனையில் சுழல்பட்டிச் சுஷி. ஷிரைஷி யோஷியாக்கி, பியர்த் தொழிற்சாலையின் சுழல்பட்டியைக் கண்டு, 1958இல் ஒசாகாவை அடுத்த ஊரொன்றிலே அதனைத் தொடங்கினார். 1970 ஒசாகாக் கண்காட்சியின் பின் அது நாடெங்கும் பரவியது. அதனை ஏளனம் செய்யும் உயர்குலத்து இரசிகரோடு நாம் சேரமாட்டோம். தொழிலாளி தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், விலை தெரிந்து, வெட்கமின்றி உண்ணக்கூடிய இடம் அது. ஆனால் அங்கே சோற்றைப் பிடிப்பது பெரும்பாலும் இயந்திரம். பலகைக்கு அப்பால் மனிதரில்லை.

மூலதனம் செய்த வேலையை இப்போது தெளிவாகக் காணலாம். அயற்கடையின் பலகையிலே மலிவும் நெருக்கமும் ஒன்றாயிருந்தன. அவ்விரண்டையும் அது பிரித்தெடுத்தது. மலிவைப் பட்டியிலேற்றி ஏழைக்கு அனுப்பிற்று. நெருக்கத்தைப் பூட்டி வைத்துச் செல்வனுக்கு விற்றது. நடுவிலிருந்த அயற்கடையோ, வாரிசற்ற முதியவரோடு மூடிக்கொண்டு போகின்றது. அதற்குப் பின் வந்து 'ஆன்மா' பாடுவோர், கொள்ளை போன வீட்டின் வாசலிலே நின்று அதன் சிற்பவேலையைப் புகழ்வோரேயாவர்.

'இதிலென்ன அரசியல்?' என்ற நம் தோழர்களுக்கு 1954ஐ நினைவூட்டுகின்றோம். அவ்வாண்டு மார்ச் 1ஆந் திகதி பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஐதரசன் குண்டின் சாம்பல், 23 மீனவர் சென்ற சூரைப் படகொன்றின்மேல் விழுந்தது. படகின் வானொலி இயக்குநர் குபோயாமா அயிகிச்சி செப்டெம்பரில் உயிர்நீத்தார். கதிர்வீச்சேறிய மீன் சுகிஜிச் சந்தையிலே புதைக்கப்பட்டது. மக்கள் சூரையைத் தொட அஞ்சினர். மீன்கடைகளும் சுஷிக் கடைகளும் வெறிச்சோடின. அப்போது டோக்கியோவின் சுகினாமி வட்டாரத்து மீன் வியாபாரிகளும் இல்லத்தரசிகளும் முன்னின்ற கையெழுத்து இயக்கம், நாடெங்கும் எழுந்த இயக்கங்களோடு சேர்ந்து, 1955 ஓகஸ்டுக்குள் 3 கோடிக்கு மேற்பட்ட கையெழுத்துக்களைத் திரட்டிற்று. அணுகுண்டு எதிர்ப்பு, கட்சி மேடையிலிருந்து மட்டும் பிறக்கவில்லை. மீன் விற்கும் பலகையின் இரு பக்கத்திலும் நின்ற அயலவரிடமிருந்தும் பிறந்தது. அத்தகைய பலகைகள் ஒவ்வொன்றாக மறைவது நமக்குச் சிறுவிடயமா?

கடலிலிருந்து பலகைக்கு வரும் பாதையையும் மறக்கலாகாது. யப்பானின் தூரக்கடற் சூரைக் கப்பல்களில் இன்று பெருந்தொகையாக உழைப்போர் இந்தோனேசியர். நமது பலநாள் மீன்பிடிப் படகுகள் கொண்டுவரும் மஞ்சட்துடுப்புச் சூரையும் யப்பானுக்கு ஏற்றுமதியாகின்றது. மீனின் புத்துணர்வைப் பாடும் எழுத்தாளர், அதனைப் பிடித்தவனின் கையைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை.

ஆகவே நமது நிலை தெளிவானது. நல்லுணவும், அதனைச் செய்பவரின் முகத்தைக் கண்டு உண்ணும் இன்பமும் செல்வரின் பிறப்புரிமை அல்ல. சுவரிலே விலை எழுதப்படட்டும். பழகுநனுக்குக் கூலி கொடுக்கப்படட்டும். பெண்ணின் கைக்கும் கத்தி கொடுக்கப்படட்டும். அயற்கடை வாழ வாடகையும் வரியும் வழிவிடட்டும். சென்கிச்சிக்கு வேண்டியது தெய்வமன்று. இன்னும் 2 சென் கூலி. அது கிடைக்கும் நாளில் அவன் எவருடைய கருணையுமின்றித் தானே பலகையண்டை வருவான். எடுத்த துண்டைத் திரும்ப வைக்கமாட்டான்.