தேதியை மட்டும் பார்க்காதீர்கள்



எஸ்பிஎம் தேர்வு முடிந்த மறுவாரமே வாகனமோட்டும் பயிற்சிப் பள்ளிகளில் கூட்டம் கூடிவிடும். பதினாறு வயதில் மோட்டார் சைக்கிள் லைசென்ஸ், பதினேழு வயதில் கார் லைசென்ஸ் என்று ஒவ்வொருவரும் காத்திருந்து எடுப்பதுதான். கையில் கிடைத்ததும் முதலில் எதைப் பார்ப்பீர்கள்? படம் நன்றாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பீர்கள். பிறகு எப்போது காலாவதியாகிறது என்று பார்ப்பீர்கள். 'வகுப்பு' என்று ஒரு வரி அதில் இருக்கிறது. எந்தெந்த வாகனத்தை ஓட்ட உங்களுக்கு உரிமை உண்டு என்று சொல்வது அந்த வரிதான். அதைப் படிப்பவர்கள் குறைவு.

என் தாய்மாமாவும் படிக்கவில்லை. அதனால் ஆறு வாரம் அவர் வீட்டில் சம்பளம் இல்லாமல் போனது.

நான் அப்போது நான்காம் படிவ மாணவன். மாமா கிள்ளானில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். விடிகாலையில் போனால் இரவில்தான் வருவார். லைசென்ஸ் புதுப்பிக்க அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. தெரிந்த ஒருவரிடம் பணத்தையும் பழைய உரிமத்தையும் கொடுத்துவிடுவார். அந்த ஆண்டும் அப்படித்தான் கொடுத்தார். புதியது வந்தது. தேதியைப் பார்த்தார், பணப்பைக்குள் வைத்தார், வேலைக்குப் போய்விட்டார்.

ஏழு மாதம் கழித்து, சற்றுக் கூடுதல் சம்பளத்துக்கு வேறொரு நிறுவனத்தில் வேலை கேட்கப் போனார். பழைய இடத்தில் ஏற்கெனவே விலகல் கடிதம் கொடுத்துவிட்டார். புதிய இடத்தின் மேலாளர் லைசென்ஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பி2 இருந்தது, டி இருந்தது. கனரக வாகனத்துக்கான 'இ' வகுப்பு இல்லை. பதினெட்டு ஆண்டு லோரி ஓட்டிய மனிதர், அந்தத் தாளின்படி லோரி ஓட்டத் தகுதி இல்லாதவர்.

அந்த எழுத்து எங்கே, யார் கையில் விடுபட்டது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. மாமா தெரிந்தவரைத் தேடிப் போய்ப் பழைய உரிமத்தைக் கேட்டார். "பழசு என்னத்துக்குண்ணே? அப்பவே வீசிட்டேன்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டார். அலுவலகத்துக்கு மாமாவோடு நான்தான் போனேன். அவருக்கு மலாயில் பேச வரும், எழுத வராது. முகப்பில் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்: "அடா புக்தி?" ஆதாரம் இருக்கிறதா?

மாமா தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கைகள். அவருக்குத் தெரிந்த ஆதாரம் அதுதான். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அந்த அதிகாரியின் மீது கோபப்பட முடியவில்லை. கை காய்த்திருப்பதைப் பார்த்து யாருக்கும் லோரி லைசென்ஸ் கொடுக்க முடியாது.

கடைசியில் காப்பாற்றியவர் பழைய நிறுவனத்தின் கிராணி, வயதான ஒரு சீன அம்மையார். மாமா வேலைக்குச் சேர்ந்த நாளில் அவருடைய உரிமத்தை இரண்டு பக்கமும் நகலெடுத்துக் கோப்பில் வைத்திருந்தார். "இந்த ஆன்ட்டிக்கு வேற வேலையே இல்ல" என்று அன்று மாமா சலித்துக்கொண்டாராம். அந்த நகலை வைத்து நான் ஒரு முறையீட்டுக் கடிதம் எழுதினேன். பள்ளியில் மலாய்ப் பாடத்தில் கற்ற அதிகாரப்பூர்வக் கடிதத்தை வாழ்க்கையில் முதன்முறையாகப் பயன்படுத்தியது அன்றுதான். மூன்று முறை அலைந்த பிறகு 'இ' திரும்பி வந்தது. அதற்குள் அத்தையின் வளையல்கள் அடகுக்கடைக்குப் போய்விட்டன. புதிய நிறுவனத்தில் அந்த வேலைக்கு வேறொருவர் சேர்ந்துவிட்டார்.

இது பழைய கதைதானே, இப்போது எல்லாமே கணினியில் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2023 பிப்ரவரியில் இருந்து மைஜேபிஜே செயலியில் உள்ள மின்னியல் உரிமத்தையே மலேசியர்கள் காட்டலாம். அட்டை கையில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. புதுப்பிப்பதையும் கைப்பேசியிலேயே முடித்துவிடலாம். வரிசை இல்லை, தெரிந்தவர் தேவையில்லை. இது பெரிய வசதி, அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். செயலி காட்டுவது பதிவேட்டில் இருப்பதைத்தான். பதிவேட்டில் ஒரு வகுப்பு விடுபட்டால் செயலியிலும் அது இருக்காது. இரண்டும் ஒரே சாட்சி. பதிவு தவறு என்று நீங்கள் வாதாட வேண்டி வந்தால், அதே பதிவை எடுத்துக் காட்டி வாதாட முடியாது. பதிவுக்கு வெளியே, உங்கள் கையில், தேதியோடு ஒரு சான்று இருக்க வேண்டும். பழைய அட்டை மறைந்துவரும் இந்தக் காலத்தில் அந்தச் சான்றை நாமே உண்டாக்கி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வகுப்பு என்பது வெறும் எழுத்து அல்ல. பி2 என்றால் 250 சிசி வரையிலான மோட்டார் சைக்கிள். டி என்றால் கியர் உள்ள கார், தானியங்கி கார் இரண்டும். டிஏ என்றால் தானியங்கி கார் மட்டும். கியர் வண்டியில் தேர்வு எழுதித் தேறிய உங்கள் உரிமத்தில் டிஏ என்று இருந்துவிட்டால், கியர் வேன் ஓட்டும் பகுதிநேர வேலைக்கு நீங்கள் போக முடியாது. சிங்கப்பூரில் வேலை தேடிக்கொண்டு அங்குள்ள உரிமத்துக்கு மாற விரும்பினால், மலேசிய உரிமத்தைக் காட்டித்தான் மாற வேண்டும். அங்கும் 3, 3ஏ என்று இதே வேறுபாடு உண்டு.

உரிமத்தில் இல்லாத வகுப்பு வாகனத்தை ஓட்டுவது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி குற்றம். 300 வெள்ளிக்குக் குறையாமல் 2,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனமும் முதலில் இதைத்தான் கேட்கும். மாமா அந்த ஏழு மாதமும் தனக்குத் தெரியாமலேயே அப்படித்தான் லோரி ஓட்டியிருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு கலங்குகிறது.

இதை அப்பா அம்மாவுக்கு எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன்? பல வீடுகளில் இப்போது லைசென்ஸ் புதுப்பிப்பது நீங்கள்தான். "தம்பி, இதக் கொஞ்சம் பாருடா" என்று அப்பா கைப்பேசியை நீட்டுகிறார். நீங்கள் இரண்டு நிமிடத்தில் முடித்துக் கொடுக்கிறீர்கள். மாமா நம்பிய அந்தத் 'தெரிந்தவர்' வேலையை இன்று செய்வது நீங்கள். ஆகவே பொறுப்பும் உங்களுடையது.

செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. புதுப்பிக்கும் முன் அட்டை இருந்தால் இரண்டு பக்கமும் நகலெடுங்கள். செயலியில் இருந்தால் வகுப்பும் தேதியும் தெரியும்படி திரைப்படம் பிடித்துச் சேமியுங்கள். புதுப்பித்த அன்றே புதியதையும் பழையதையும் பக்கத்தில் வைத்து நான்கு விஷயங்களை ஒப்பிடுங்கள்: பெயர், அடையாள அட்டை எண், வகுப்பு, காலாவதித் தேதி. வேறுபாடு தெரிந்தால் தள்ளிப்போடாமல் நகலோடும் ரசீதோடும் நேரில் போங்கள். நாள் செல்லச் செல்ல விளக்குவது கடினமாகும். ஒரே தடவையில் பல ஆண்டுகளுக்குப் புதுப்பிப்பவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அடுத்து எப்போது எடுத்துப் பார்க்கப் போகிறோமோ!

'பி' ஒட்டிய இரண்டு ஆண்டு முடிந்து முழு உரிமத்துக்கு மாறும்போது, மோட்டார் சைக்கிளும் காரும் எடுத்தவர்கள் இரண்டு வகுப்பும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்பா லோரியோ பேருந்தோ ஓட்டினால், ஜிடிஎல், பிஎஸ்வி போன்ற தொழில்முறை உரிமத்துக்குத் தனிக் காலாவதித் தேதி உண்டு. அதையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். உரிமம் காலாவதியாகி மூன்று ஆண்டைத் தாண்டினால் புதுப்பிக்க முடியாது, தொடக்கத்தில் இருந்து மீண்டும் எடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நகல் உங்களுக்காக, ஊருக்காக அல்ல. லைசென்ஸ் கிடைத்த மகிழ்ச்சியில் அதைப் படமெடுத்துச் சமூக ஊடகத்தில் போடுகிறார்கள். அதில் உங்கள் அடையாள அட்டை எண் இருக்கிறது. மோசடிக்காரனுக்கு அது போதும். வேலைக்காக எங்காவது நகல் கொடுக்க நேர்ந்தால், குறுக்கே இரண்டு கோடு போட்டு, எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்பதையும் தேதியையும் எழுதிக் கொடுங்கள்.

ஆவணத்தின் அருமை நம் சமூகத்துக்குப் புதிதல்ல. பிறப்புப் பத்திரம் இல்லாததால் பள்ளியில் சேரத் தடுமாறிய பிள்ளைகளையும், சிவப்பு அடையாள அட்டையோடே முதுமை அடைந்த பாட்டிகளையும் நாம் பார்த்திருக்கிறோம். இந்த மண்ணில் பிறந்தேன், உழைத்தேன் என்று வாயால் சொன்னது அவர்களுக்குப் போதவில்லை. எழுத்தில் காட்ட வேண்டியிருந்தது. லைசென்ஸ் அதைவிடச் சிறிய விஷயம்தான். ஆனால் லோரி ஓட்டிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அடுப்பு எரிவதே அந்த ஓர் எழுத்தால்தான்.

மாமா ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் வீட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அந்த ஆண்டுக்குப் பிறகு அவர் எடுத்த ஒவ்வொரு லைசென்ஸின் நகலும், ரசீதும், அந்தச் சீன அம்மையார் கொடுத்த தாளும் அதற்குள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. இப்போது அவர் கார்கூட ஓட்டுவதில்லை. ஆனாலும் அந்த டின்னை யாரும் தொடக் கூடாது.

இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவின் லைசென்ஸை வாங்கிப் பாருங்கள். தேதி சரியாக இருக்கும், அது அவருக்கே தெரியும். வகுப்பு வரியை ஒரு முறை சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.