3 செடி வளர்க்கலாம், 61 கிராம் இருந்தால் கேஸ்: ஜெர்மனியின் வீட்டுக் கஞ்சா சட்டத்தில் என்னதான் சிக்கல்?

ஜெர்மனியில் 18 வயது நிரம்பிய ஒருவர் தன் வீட்டுக்குள் 3 கஞ்சா செடி வளர்க்கலாம். அது சட்டப்படி சரி. அதே செடிகளை அறுத்துக் காயவைத்த பிறகு டப்பாவில் 61 கிராம் இருந்தால் அது கிரிமினல் குற்றம். இரண்டையும் சொல்வது ஒரே சட்டம்தான்.

2024 ஏப்ரல் 1 அன்று இந்தச் சட்டம் அமலுக்கு வந்தபோது பெர்லினில் பிராண்டன்பர்க் வாசல் முன்பு நள்ளிரவில் கூட்டம் கூடிக் கொண்டாடியது. ஏப்ரல் ஃபூல் அன்றைக்கா இதைக் கொண்டுவருவது என்று கிண்டலும் அடித்தார்கள். கொண்டாட்டம் ஒரு பக்கம் இருக்க, சட்டத்தின் எண்களும் அந்தச் செடி வளரும் விதமும் ஒன்றோடு ஒன்று பொருந்தவில்லை என்ற பிரச்னை இன்னும் தீரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

பொது இடத்தில் ஒருவர் 25 கிராம் வரை வைத்துக்கொள்ளலாம். வீட்டில் 50 கிராம் வரை. ஒரு ஆளுக்கு ஒரே நேரத்தில் 3 செடி. வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் என்றால் 6 செடி. சுற்றுலா வந்தவருக்கு வளர்க்கும் உரிமை கிடையாது, அங்கேயே வசிப்பவராக இருக்க வேண்டும். வளர்ப்பது சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும்தான். விற்கக் கூடாது, நண்பருக்குச் சும்மாகூடக் கொடுக்கக் கூடாது. செடியோ பூவோ குழந்தைகள் கைக்கும் மற்றவர் கைக்கும் எட்டாதபடி பாதுகாக்க வேண்டும்.

வீட்டில் 50 கிராமைத் தாண்டி 60 வரை இருந்தால் அபராதம். 60-ஐயும் தாண்டினால் கிரிமினல் வழக்கு. நான்காவது செடிக்கு அந்த இடைப்பட்ட சலுகைகூட இல்லை, நேராக வழக்குதான். அதிகபட்சம் 3 ஆண்டு சிறை வரை போகலாம்.

கடையில் விற்காமல் வீட்டில் ஏன் வளர்க்கச் சொன்னார்கள்?

இதுதான் பலருக்கும் தெரியாத பகுதி. அன்றைய சுகாதார அமைச்சர் கார்ல் லாட்டர்பாக் 2022 அக்டோபரில் முதலில் வைத்த திட்டமே வேறு. உரிமம் பெற்ற கடைகளில் கஞ்சா விற்கலாம், அரசு வரி வாங்கலாம், தரத்தைச் சோதிக்கலாம் என்பதுதான் அது. கிட்டத்தட்ட நம்ம ஊர் டாஸ்மாக் போல, ஆனால் தனியார் கையில்.

அதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் குறுக்கே நின்றன. போதைப்பொருள் வியாபாரத்தைக் குற்றமாக வைத்திருக்க வேண்டும் என்று 2004-ல் உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்ட முடிவு ஒன்று இருக்கிறது. ஆனால் ஒருவர் தனக்காக மட்டும் வளர்த்துக்கொள்வதை அது தொடவில்லை. அந்தச் சந்து வழியாகத்தான் ஜெர்மனி நுழைந்தது. 2023-ல் கடைத் திட்டம் ஓரங்கட்டப்பட்டு, வீட்டுச் செடியும் உறுப்பினர்களுக்காக மட்டும் வளர்க்கும் சங்கங்களும் முன்னே வந்தன. 2024 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் 407 பேர் ஆதரவாகவும் 226 பேர் எதிராகவும் வாக்களிக்க, சட்டம் நிறைவேறியது.

ஆக, வீட்டுக்குள் வளர்ப்பதுதான் சிறந்த வழி என்று ஆராய்ந்து எடுத்த முடிவு அல்ல இது. கடைக் கதவு மூடியதால் வீட்டுக் கதவு திறந்தது.

அலமாரிக்குள் என்ன நடக்கிறது?

பால்கனியில் வளர்க்கலாமே என்று தோன்றலாம். ஆனால் ஜெர்மனியில் வெயில் காலம் குறைவு, எதிர்வீட்டு ஜன்னலும் தெரியும், வாடகை வீட்டில் அக்கம்பக்கத்தாரின் புகாரும் வரும். அதனால் துணிக்கடை டிரையல் ரூம் மாதிரி ஜிப் வைத்த ஒரு கூடாரத்தையோ பழைய துணி அலமாரியையோ மாற்றி, உள்ளே எல்.இ.டி. விளக்கு, காற்றை இழுக்கும் ஃபேன், வாசனையைப் பிடிக்கும் கரி ஃபில்டர் வைத்து வளர்ப்பது அங்கே வழக்கமாகிவிட்டது. தோட்டப் பொருள் கடைகளில் இவை வெளிப்படையாக விற்கின்றன.

கஞ்சா செடி பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் செடி. பகல் குறைந்தால் காலம் முடியப்போகிறது என்று நினைத்துப் பூக்கத் தொடங்கும். அலமாரிக்குள் அந்தப் பகலை டைமர் தீர்மானிக்கிறது. வளரும் காலத்தில் விளக்கு 18 மணி நேரம், பூக்கும் காலத்தில் 12 மணி நேரம் என்பது பொதுவான கணக்கு.

இதற்கு ஆகும் கரண்ட் பில்லைப் பார்த்தால் இது ஏழையின் பொழுதுபோக்கு இல்லை என்று புரியும். 200 வாட் விளக்கு ஒன்று 5 வாரம் தினமும் 18 மணி நேரமும், அடுத்த 9 வாரம் 12 மணி நேரமும் எரிந்தால் மொத்தம் சுமார் 277 யூனிட். ஜெர்மனியில் யூனிட்டுக்கு 40 சென்ட் என்று வைத்தால் விளக்குக்கு மட்டும் 110 யூரோ. ஃபேன், மண், உரம், கூடாரம் எல்லாம் தனி. மூன்றரை மாதம் காத்திருக்கவும் வேண்டும். நடுவில் பூஞ்சை பிடித்தால் அத்தனையும் வீண்.

விதை எப்போது செடி ஆகிறது?

விதையில் போதை தரும் டி.எச்.சி. இல்லை. அதனால் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலிருந்து சொந்த வளர்ப்புக்கு விதை வாங்குவதைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆன்லைனில் ஆர்டர் போட்டால் தபாலில் வரும். சங்கங்களிடமிருந்தும் வாங்கலாம், உறுப்பினர் அல்லாதவருக்கும் மாதம் 7 விதை வரை தரலாம்.

சாதாரண பயிர் மாதிரிதான் முளைக்கிறது. ஈரமும் மிதமான சூடும் கிடைத்தால் சில நாட்களில் வேர் எட்டிப் பார்க்கும். பிரச்னை அதற்குப் பிறகு. கஞ்சாவில் ஆண் செடி தனி, பெண் செடி தனி. போதை தரும் பூ பெண் செடியில்தான். சாதாரண விதையில் எது ஆண், எது பெண் என்று முளையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பூ அரும்பும்போதுதான் தெரியும். ஆண் செடி பக்கத்தில் இருந்தால் மகரந்தம் பட்டு, பெண் செடி விதை பிடித்துவிடும்.

எந்த விவசாயியும் இந்த நிலையில் 6 விதை போட்டு 3-ஐ வைத்துக்கொள்வார். ஆனால் சட்டம் 3 என்கிறது. பூ விடாத இளஞ்செடியைச் செடி என்று எண்ணுவதா, நடவுப் பொருள் என்று விடுவதா என்பதில் ஜெர்மன் சட்ட வல்லுநர்களே ஒத்துப்போகவில்லை. சும்மா ஏட்டுச் சண்டை இல்லை இது. நான்காவது செடிக்குக் கிரிமினல் வழக்கு என்பதை மறந்துவிடக் கூடாது. பெண் செடி மட்டுமே தரும் விதை கூடுதல் விலைக்குக் கிடைப்பதால் பலர் அதை வாங்கித் தப்பிக்கிறார்கள்.

50 கிராம் என்பது எங்கிருந்து வந்த கணக்கு?

சட்டம் உலர்ந்த எடையைத்தான் பார்க்கிறது. நல்ல விளக்கின் கீழ் வளர்ந்த ஒரே செடியில் 50 கிராம் உலர்ந்த பூ கிடைப்பது அரிதல்ல. மூன்றும் ஒன்றாக அறுவடைக்கு வந்தால் 100 கிராமை எளிதில் தாண்டும். அதாவது, சட்டம் அனுமதித்த எண்ணிக்கையில் செடி வளர்த்து, ஒழுங்காகத் தண்ணீர் ஊற்றிய ஒருவர் அறுவடை நாளில் குற்றவாளி ஆகிவிடலாம். விளைச்சல் மோசமாக இருந்தால்தான் அவர் சட்டத்துக்கு உட்பட்டவர்!

கூடுதலாக விளைந்ததை என்ன செய்வது? அழிக்க வேண்டும். விற்க முடியாது, தானமும் தர முடியாது. 110 யூரோ கரண்ட் பில் கட்டி வளர்த்ததை யார் குப்பையில் போடுவார்கள் என்று சட்டத்தை எதிர்ப்பவர்கள் கேட்டார்கள். இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மிச்சம் நண்பர் வீட்டுக்குப் போகும், அங்கிருந்து இன்னொருவருக்குப் போகும், கடைசியில் ஒரு பள்ளி மாணவன் கையில் போய் நிற்கும் என்பதுதான் அவர்கள் பயம். ஒருவர் வீட்டு அலமாரியைத் திறந்து எடை போடப் போலீஸால் முடியாது. தேடுவதற்கு நீதிமன்ற உத்தரவு வேண்டும், அதற்குக் காரணம் வேண்டும்.

இந்த வாதத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தெருவில் வாங்கும் கஞ்சாவில் என்ன கலந்திருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. தானே வளர்ப்பவருக்குத் தெரியும். வியாபாரியிடம் போகாதவருக்கு வேறு போதைப்பொருளைக் காட்டி ஆசை மூட்டவும் ஆள் இருக்காது. ஆனால் குழந்தை இருக்கும் வீட்டில் பூட்டு இல்லாத அலமாரி என்றால் இந்த நன்மை எதுவும் எடுபடாது. பூட்டு என்பது சட்டத்தில் ஒரு வரி, வீட்டில் அது பெற்றோரின் பொறுப்பு.

கள்ளச்சந்தை சுருங்கியதா?

சட்டத்தின் முக்கிய வாக்குறுதியே இதுதான். 2025 செப்டம்பர் இறுதியில் வெளியான முதல் மதிப்பீட்டு அறிக்கை இதற்கு முழுப் பதில் தரவில்லை. கஞ்சா தொடர்பான வழக்குகள் பெருமளவு குறைந்துவிட்டன. அதில் ஆச்சரியமில்லை, குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தால் வழக்கு குறையத்தான் செய்யும். அதிக நம்பிக்கை வைக்கப்பட்ட சங்கங்கள் மிகச் சிறிய பங்கைத்தான் தருகின்றன என்றும் அறிக்கை சொன்னது. ஒரு சங்கத்தில் 500 பேர் வரை சேரலாம். ஆனால் உரிமம், பாதுகாப்பு, பள்ளிகளிலிருந்து தூரம் என்று அவர்கள் தாண்ட வேண்டிய தாள்களின் உயரம் செடியின் உயரத்தைவிட அதிகம்.

யாரும் எதிர்பார்க்காத இடத்தில் ஓட்டை விழுந்தது. அதே சட்டம் மருத்துவக் கஞ்சாவையும் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. ஆன்லைனில் ஒரு படிவத்தை நிரப்பி, மருந்துச் சீட்டு வாங்கி, மருந்தகத்திலிருந்து தபாலில் பெறலாம் என்று ஆனது. 2024-ல் மருத்துவக் கஞ்சா இறக்குமதி முந்தைய ஆண்டைவிட இரண்டு மடங்கைத் தாண்டியது. அத்தனை பேரும் திடீரென நோயாளிகள் ஆகிவிட்டார்களா என்ன? மூன்றரை மாதம் அலமாரி முன் காத்திருப்பதைவிட இது சுலபம் என்று கண்டுகொண்டவர்கள் அதிகம் என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அரசியலில் இப்போது என்ன நிலை?

2025 தேர்தலில் வென்ற சி.டி.யு.-சி.எஸ்.யு. அணி இந்தச் சட்டத்தை ரத்து செய்வோம் என்று தேர்தல் அறிக்கையில் சொல்லியிருந்தது. ஆனால் ஆட்சி அமைக்க, சட்டத்தைக் கொண்டுவந்த எஸ்.பி.டி.யின் தயவு தேவைப்பட்டது. கூட்டணி ஒப்பந்தத்தில் ரத்து என்ற பேச்சு போய், மதிப்பீடு செய்வோம் என்ற வார்த்தை வந்து உட்கார்ந்தது. மருத்துவக் கஞ்சாவை தபாலில் அனுப்புவதைத் தடுக்கும் மசோதாவுக்கு 2025 அக்டோபரில் அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வீட்டுச் செடியில் கை வைக்கவில்லை. இறுதி மதிப்பீடு 2028 ஏப்ரலில் வர வேண்டும்.

ஒரு அரசு மனம் மாறினால் என்ன ஆகும் என்பதற்குத் தாய்லாந்து உதாரணம். 2022 ஜூன் 9 அன்று அங்கே கஞ்சா போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. செயலியில் பதிவு செய்துவிட்டு வீட்டில் வளர்க்கலாம் என்றார்கள், 10 லட்சம் கன்றுகளை இலவசமாகத் தருவதாகவும் அறிவித்தார்கள். 2025 ஜூனில் மருந்துச் சீட்டு இல்லாமல் பூ விற்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. மூன்றே ஆண்டில் யூ-டர்ன். இடைப்பட்ட காலத்தில் பாங்காக்கிலிருந்து வந்த பயணிகளின் பெட்டிகளில் சென்னை விமான நிலையத்தில் அடிக்கடி பிடிபட்டது 'ஹைட்ரோபோனிக் கஞ்சா'. மண்ணில்லாமல் சத்து நீரில் வளர்ப்பது என்பதுதான் அந்தச் சொல்லின் பொருள். செய்திகளில் விளக்கின் கீழ் வளர்ந்த எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இந்தியாவில் ஒரு செடி வளர்த்தால்?

ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே அதிகம். அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. அங்கே அறை நண்பர் வைத்திருக்கும் அலமாரியைப் பார்த்துப் பழகியவருக்கு, ஊருக்குத் திரும்பும்போது சட்டம் முழுதாக மாறிவிடும் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

1985-ம் ஆண்டின் என்.டி.பி.எஸ். சட்டம் கஞ்சா என்று சொல்வது செடியின் பூ அல்லது காய் பிடித்த நுனியை. அந்த நுனியோடு சேராத விதையும் இலையும் அந்த வரையறைக்குள் வராது. இதை மட்டும் படித்துவிட்டு விதை போட்டால் தப்பில்லை என்று சமூக வலைதளங்களில் சிலர் அடித்துவிடுகிறார்கள். அது தவறு. வளர்ப்பது தனிக் குற்றம். பிரிவு 20-ன் கீழ் உரிமம் இல்லாமல் கஞ்சா செடி வளர்த்தால் 10 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். சொந்தப் பயன்பாட்டுக்கு 3 செடி என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை, மாடித் தோட்டத்து ஒற்றைத் தொட்டியும் வழக்குக்குப் போதும். நார், விதை எண்ணெய்க்காகப் போதை குறைந்த ரகத்தை வளர்க்க உத்தராகண்ட் மாநிலம் உரிமம் தருகிறது, அது வேறு கதை.

வெளிநாட்டிலிருந்து எந்தச் செடியின் விதையைக் கொண்டுவருவதற்கும் தாவரத் தனிமைப்படுத்தல் அனுமதி வேண்டும். வாடகைக்கு விட்ட வீட்டில் இப்படி வளர்ப்பது தெரிந்தும் அனுமதித்தால் வீட்டு உரிமையாளருக்கும் அதே தண்டனை உண்டு. அது பிரிவு 25.