யோசனை சொல்லப் போனவர்கள்

வெல்லிங்டன் பக்கம் காலையில் உலாவப் போகிறவர்களுக்கு இரு காட்சிகள் பழக்கமானவை. ஒரு புறம் மதராஸ் ரெஜிமெண்டின் இளம் சிப்பாய்கள் அணிவகுத்துச் செல்வார்கள். மறு புறம், 1947 முதல் இங்கே நடந்துவரும் ராணுவ அதிகாரிகள் கல்லூரிக்கு, நட்பு நாடுகளின் அதிகாரிகளும் படிக்க வருவார்கள்.

இவர்களைத் தினமும் பார்க்கும் மாணவன் ஒருவன் சென்ற வாரம் நம்மைக் கேட்டான்: "ஸார், யுத்தம் நடக்கிற தேசத்துக்கு யோசனை சொல்ல மட்டும் ராணுவத்தாரை அனுப்பினால், நாமும் யுத்தத்தில் சேர்ந்ததாகுமா?"

விடை சுலபம் என்று எண்ணி வாயைத் திறந்தோம். திறந்த பிறகுதான் கஷ்டம் தெரிந்தது.

அமெரிக்கர்கள் வியட்நாமுக்கு முதலில் அனுப்பியது ஆலோசகர்களைத்தான். 1961-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர்கள் ஆயிரம் பேர்கூட இல்லை. 1963 முடிவில் ஏறக்குறைய 16,000 ஆனார்கள். 1968-இல் அங்கிருந்த அமெரிக்கத் துருப்புகள் ஐந்து லட்சத்துக்கும் அதிகம். மாண்டவர்கள் 58,000-க்கு மேல். இவ்வளவையும் ஒரே நாளில் எவரும் தீர்மானிக்கவில்லை. ஆலோசகர் இருந்தால் அவருக்குக் காவல் வேண்டும். காவலர் மாண்டால் தேசத்தின் மானம் குறுக்கே வந்து நிற்கும். நேற்றுச் செய்த செலவே இன்றைய செலவுக்குக் காரணமாகிவிடும்.

பிறர் கதை எதற்கு? 1983-க்குப் பின் இலங்கைத் தமிழ் இளைஞர்களுக்கு நமது நாட்டில் ஆயுதப் பயிற்சி தரப்பட்டது. 1987 ஜூலை 29-இல் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. மறுநாளே அமைதிப் படை போய் இறங்கிற்று. அக்டோபரில் அதே படை விடுதலைப் புலிகளோடு போரிட்டது. 1990 மார்ச்சில் திரும்புவதற்குள் நம் வீரர்கள் 1,100-க்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். யாழ்ப்பாணத்துக் குடிமக்களும் பலர் மாண்டனர். புலி வாலைப் பிடித்த கதை என்பது இதுதான்.

1964 ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள் நமது நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியிருக்கின்றன. கடலுக்கு அப்பால் உறவினரையும், இப்பால் ராணுவத்தில் பிள்ளையையும் வைத்திருந்த தாய்க்கு அந்த மூன்று வருஷங்கள் எப்படி இருந்திருக்கும்!

அப்படியானால் உதவியே கூடாதா? அவ்வாறு சொல்ல நமக்கு மனமில்லை. 1971-இல் வங்காளத்து விடுதலை வீரர்களுக்கும் நாம் பயிற்சி அளித்தோம். அதுவும் யுத்தத்தில்தான் கொண்டுபோய் விட்டது. ஆனால் அங்கே நோக்கம் தெளிவாக இருந்தது. அந்த நாட்டு ஜனங்களும் அதையே விரும்பினார்கள். டிசம்பர் 16-இல் டாக்காவில் எதிரி சரணடைந்தான். 1972 மார்ச்சில் நமது சைனியம் வீடு திரும்பிற்று. அப்போது தளபதியாயிருந்த மானெக்ஷா, ஓய்வுக்குப் பின் வசித்தது நமது குன்னூரில்தான். ஆயத்தமாகாமல் யுத்தத்தில் இறங்கலாகாது என்று அவ்வாண்டு ஏப்ரலிலேயே தாம் பிரதமரிடம் சொன்னதாக அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார்.

ஆகவே மாணவனுக்கு நாம் சொன்னது இது: "யோசனை சொல்லப் போகிறவன் பாதி யுத்தத்தில் இருக்கிறான், தம்பி. மீதிப் பாதிக்குள் போவதும் போகாததும் மூன்று கேள்விகளைப் பொறுத்தது. எதற்காகப் போகிறோம்? எப்போது திரும்புவோம்? அடுத்த அடி வைக்குமுன் யாரைக் கேட்போம்?"

இம்மூன்றுக்கும் பதிலைப் பார்லிமெண்டில் பகிரங்கமாகச் சொல்லிவிட்டு அனுப்பட்டும். பதில் இல்லையென்றால், முதல் ஆலோசகர் கப்பல் ஏறுமுன்பே தடுத்துவிடுவது நலம். பிறகு தடுக்க நினைத்தால், எதிரியைவிட நமது மானமே நமக்குப் பெரிய தடையாக நிற்கும்.