இரண்டு மாதத்துக்கு ஒரு பயிற்றுவிப்பாளர்

பெரும்போக அறுவடை முடிந்து வட்டைகள் காயத் தொடங்கினால் படுவான்கரையில் உதைபந்தாட்டக் காலம். உன்னிச்சை, ஆயித்தியமலை, கரடியனாறு, வவுணதீவு என எந்தப் பக்கம் போனாலும் பின்னேரத்தில் மைதானத்தில் ஆள் இருக்கும். தொடர்ந்து தோற்கும் கழகங்களின் கூட்டங்களில் ஒரே பேச்சு எழுவதும் அப்போதுதான். "இப்ப இருக்கிறவர வெச்சிட்டு சரிவராது. ரெண்டு மாசத்துக்கு டவுனில இருந்து ஒராளக் கூட்டிட்டு வருவம். வடிவா விளையாடத் தேவல்ல, தோக்காட்டிக் காணும்."

கூட்டி வரலாம் என்பதே எமது கருத்து. ஆனால் கடைசி வசனத்தை எம்மால் ஏற்க முடியவில்லை. குறுகிய காலத்துக்கு வருபவர் என்றால் பத்துப் பேரையும் கோல் முன்னால் நிறுத்தி, பந்தைத் தூக்கி அடிக்கச் சொல்பவர் என்று நாமே முடிவு செய்துவிடுகிறோம். கையில் இருக்கும் வீரர்களுக்கு எது பொருந்துமோ அதை ஆடவைப்பவரே நடைமுறை தெரிந்தவர். அது தடுப்பாட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

இந்தியாவின் சென்னையின் எஃப்.சி. இதை 2019-20 பருவத்தில் காட்டியது. இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கிண்ணத்தை 2015இலும் 2018இலும் வென்ற அணி, அடுத்த பருவத்தில் கடைசி இடத்துக்கு விழுந்தது. அதற்கடுத்த பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோலும் இல்லை. ஆறு ஆட்டங்களில் ஒரே வெற்றியுடன் பயிற்றுவிப்பாளர் ஜோன் கிரெகரி விலகினார். நடுப்பருவத்தில் வந்த ஓவன் கொயில் பின்களத்தைப் பூட்டி வைக்கவில்லை. வல்ஸ்கிஸ், கிரிவெல்லாரோ, சாங்தே, தாபா என்று அவரிடம் இருந்த நல்லவர்கள் எல்லாரும் முன்னே போய் ஆடத் தெரிந்தவர்கள். அவர்களை அவிழ்த்துவிட்டார். அணி நான்காம் இடம் பிடித்தது. அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து 6-5 என்று வென்றது. கோல் கணக்கைப் பார்த்தாலே அது என்ன மாதிரி ஆட்டம் என்று தெரியும். 2020 மார்ச் 14ஆம் திகதி, கொரோனாத் தொற்று அச்சத்தால் பார்வையாளர் இன்றி நடந்த இறுதியாட்டத்தில் ஏ.டி.கே.யிடம் 3-1 எனத் தோற்றது.

கழக நிர்வாகிகள் அதன் பிறகு நடந்ததைத்தான் ஊன்றிப் படிக்க வேண்டும். கொயில் ஜம்ஷெட்பூருக்குப் போனார், வல்ஸ்கிஸும் அவருக்குப் பின்னால் போனார். சென்னை அடுத்தடுத்து மூன்று பயிற்றுவிப்பாளர்களை அழைத்தது. மூன்று பருவங்களிலும் எட்டாம் இடம். 2023இல் மறுபடியும் கொயிலையே அழைக்க வேண்டி வந்தது. அரைப் பருவத்தில் மீண்ட ஆட்டம் அவரோடும் வல்ஸ்கிஸோடும் புறப்பட்டுப் போய்விட்டது. கழகத்திடம் அதில் மிஞ்சியது சொற்பம்.

இங்கிலாந்தில், விழும் அணியைக் குறுகிய காலத்தில் காப்பாற்றும் வேலைக்கென்றே பெயர் எடுத்தவர் சாம் அலர்டைஸ். 2015 ஒக்டோபரில் சண்டர்லாந்துக்கு வந்தபோது அவர் கையில் ஏழு மாதங்கள் இருந்தன. ஜனவரியில் புது வீரர்களை எடுக்கவும் முடிந்தது. காப்பாற்றிவிட்டார். அவர் போன மறு பருவமே அணி கடைசியாக வந்து தரமிறங்கியது. 2023 மேயில் லீட்ஸ் அவரை நான்கே ஆட்டங்களுக்கு அழைத்தது. கிடைத்தது ஒரு புள்ளி, லீட்ஸும் இறங்கியது. அதே மனிதர், அதே முறை. காலமும் ஆளும் இல்லாமல் போனதுதான் வித்தியாசம்.

உன்னிச்சைக் குளத்தில் தண்ணீர் இருந்தால் வாய்க்காலைத் துப்புரவாக்கிய மறுநாளே வட்டைக்குப் பாயும். குளம் வற்றிக் கிடக்கையில் வாய்க்காலை எத்தனை தரம் வெட்டினாலும் பயன் இல்லை. எனவே, எமது கழகத்தில் ஆடத் தெரிந்த பிள்ளைகள் இருந்தும் ஒழுங்கின்மையால் தோற்கிறோமா, அல்லது பிள்ளைகளே இல்லையா என்பதைச் செயற்குழு முதலில் நேர்மையாகப் பார்க்கட்டும்.

ஒழுங்கின்மைதான் நோய் என்றால் இரண்டு மாதம் தாராளமாகப் போதும். பின்கள வீரர் நால்வரின் இடுப்பிலும் நைலோன் கயிற்றைக் கட்டி, ஒருவருக்கு ஒருவர் அளவான இடைவெளி விட்டு, பந்து போகும் பக்கமெல்லாம் நகரச் சொல்லும் பயிற்சியை நம்மில் பலர் செய்திருப்போம். முதல் நாள் கயிறு இழுபட்டு ஒருவர் விழுவார், மற்றவர் ஏசுவார். ஒரு கிழமை போனால் கயிறு தளராமலும் இறுகாமலும் வரும். பிறகு அவிழ்த்துவிட்டாலும் இடைவெளி அப்படியே நிற்கும். கோர்னருக்கு யார் யாரைப் பிடிப்பது, பந்தை இழந்த கணத்தில் யார் திரும்பி ஓடுவது என்பவையும் இப்படிக் கிழமைக் கணக்கில் படிபவைதான். வேளாண்மை வேலையால் பாதிப் பேர் பிந்தி வருகிற, யானைக்குப் பயந்து இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டிய நம் மைதானங்களில், ஒரு மணித்தியாலத்தில் செய்யக்கூடிய பயிற்சியும் இதுவே.

பிள்ளைகளே இல்லை என்றால் பயிற்றுவிப்பாளருக்கு ஒதுக்கும் பணத்தைப் பதினாறு வயதுக்குட்பட்டோருக்குப் பந்தும் சப்பாத்தும் வாங்கச் செலவிடுங்கள். வெளியூர் வீரர் ஐவரை இறக்கிக் கிண்ணம் எடுக்கலாம்தான். ஆனால் ஊர்ப் பிள்ளை வரம்போரம் நின்று தண்ணீர்ப் போத்தல் தூக்கும். அந்தப் பிள்ளை அடுத்த வருடம் மைதானத்துக்கு வராது. இந்த இழப்பை எந்தக் கழகமும் கணக்கில் எழுதுவதில்லை. எமக்கு இதில்தான் மிகுந்த கவலை.

அவசரத்துக்கு வந்தவர் நிலைத்து நின்ற கதையும் உண்டு. 2007 டிசம்பரில் ஃபுல்ஹமுக்கு வந்த ரோய் ஹொட்ஜ்சன், கடைசி நாள் போர்ட்ஸ்மத்தில் பெற்ற 1-0 வெற்றியோடு கோல் வித்தியாசத்தில் அணியைத் தரமிறங்காமல் தப்பவைத்தார். கழகம் அவரை விடவில்லை. 2010இல் அதே அணி யூரோப்பா லீக் இறுதியாட்டம் ஆடியது. ஆகவே இரண்டு மாதத்துக்கு என்று அழைத்தவர் பிள்ளைகளோடு ஒட்டினால், அவரை வைத்துக்கொள்ளும் வழியையும் கழகம் யோசித்திருக்க வேண்டும்.

அழைக்கும் முன் மூன்று விடயங்களை ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் ஒப்பமிடுங்கள் என்று கேட்கிறோம்: அவர் எந்தத் திகதிவரை இருப்பார், இளையோர் அணியில் இருந்து அவர் எத்தனை பேரை எடுக்கலாம், உள்ளூர்ப் பயிற்றுவிப்பாளர் யார் ஒவ்வொரு நாளும் அவர் பக்கத்தில் நின்று பயிற்சிகளைக் கொப்பியில் குறித்துக்கொள்வார். மூன்றாவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். பழைய பயிற்றுவிப்பாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அந்தக் கொப்பியை எழுத ஆள் இருக்காது. மனம் வைத்தால் அவரையே அந்த இடத்தில் நிற்கச் சொல்லலாம்.