படுத்தால் விடும் தலைவலி... பாசாங்கு அல்ல!

"படுத்திருந்தா நல்லாத்தான் இருக்கா டாக்டர். எழுந்து உட்காருன்னா மட்டும் தலைவலிங்கிறா. நாங்களும்தான் பிள்ளை பெத்தோம்!"

சில வருடங்களுக்கு முன் ஒரு மாமியார் என்னிடம் அலுத்துக்கொண்டது இது. சிசேரியன் ஆகி ஆறாம் நாள். மருமகள் இரண்டு கைகளாலும் தலையைத் தாங்கிக்கொண்டு வந்தாள். "தலைக்குக் குளிச்சதுல நீர் கோத்துக்கிச்சு. நீர்க்கோவை மாத்திரையை உரைச்சுப் பற்றுப் போடலாமா?" என்று கேட்டார் அவளைப் பெற்றவர்.

அந்தப் பெண்ணைப் படுக்கச் சொன்னேன். சிறிது நேரத்தில் முகம் தெளிந்தது. "இப்ப எப்படிம்மா இருக்கு?" "வலி விட்டுடுச்சு டாக்டர்." எழுந்து உட்காரச் சொன்னேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மறுபடி தலையைப் பிடித்துக்கொண்டாள்.

மாமியார் குறையாகச் சொன்னாரே, அதுதான் இந்த நோயின் அடையாளமே!

சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்கிறார்கள். நம் மூளை சுமார் 150 மில்லி தண்டுவட நீரின் தயவில் மிதக்கிறது. ஊசி போட்ட இடத்துச் சிறு துளை உடனே அடைபடாவிட்டால், அந்த நீர் கசியும். எழுந்து உட்கார்ந்தால் மூளை சற்றே கீழே இறங்கி, சுற்றியுள்ள சவ்வுகளை இழுக்கும். உயிர் போகிற வலி! ஆக, தலையில் நீர் கோத்துக்கொள்ளவில்லை; குறைந்திருக்கிறது.

இந்த ஊசி முறையை 1898-ல் சோதித்துப் பார்த்த ஜெர்மானிய சர்ஜன் ஆகஸ்ட் பியருக்கே இந்தத் தலைவலி வந்தது. படுத்தால் விட்டது, எழுந்தால் வந்தது. நாள்கணக்கில் படுக்கையில் கிடந்தார். அவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்லவில்லை. நம் வீட்டுப் பெண்ணை மட்டும் ஏன் சொல்கிறோம்?

இதைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் ஸ்கேன்கூட வேண்டாம். கேள்விகளே போதும். முதுகில் ஊசி போட்டார்களா? அதற்கு ஐந்து நாட்களுக்குள் வலி தொடங்கியதா? எழுந்தால் கூடி, படுத்தால் குறைகிறதா? கழுத்து இறுக்கம், காதில் இரைச்சல், குமட்டல், வெளிச்சம் பார்த்தால் கூச்சம் உண்டா? தலையணை வைத்ததால் வந்தது, சீக்கிரம் எழுந்து நடந்ததால் வந்தது என்று அவள் மேல் பழி போடாதீர்கள். அசையாமல் படுத்திருந்தாலும் இது வரலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பிரசவத்துக்குப் பின் வரும் எல்லாத் தலைவலியும் இதுவல்ல. படுத்தாலும் வலி விடவில்லை, காய்ச்சல், வலிப்பு, கை கால் பலவீனம், பார்வை மங்கல், உயர்ந்த ரத்த அழுத்தம் - இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மூளைச் சவ்வில் கிருமி, மூளை ரத்தக்குழாயில் அடைப்பு, பிரசவ ரத்த அழுத்தம் என்று ஆபத்தான காரணங்கள் இருக்கலாம். முதலில் படுத்தால் விட்ட வலி, பிறகு எப்படி இருந்தாலும் விடாத வலியாக மாறினாலும் அப்படியே.

சித்த மருத்துவம் படித்து, அதை உயிராக நேசிப்பவன் நான். ஆனால் நெற்றியில் போடும் பற்று முதுகில் உள்ள ஓட்டையை அடைக்காது. அன்று அந்தப் பெண்ணுக்கு நான் மருந்து தரவில்லை. ஆபரேஷன் நடந்த இடத்துக்கே திருப்பி அனுப்பினேன். பலருக்கு ஓரிரு வாரத்தில் தானாகவே சரியாகும். அதுவரை வலி மாத்திரை தருவார்கள். தாங்க முடியாதவர்களுக்கு, கையிலிருந்து 15, 20 மில்லி ரத்தம் எடுத்து, ஊசி போட்ட இடத்துக்கு அருகில் செலுத்தித் துளையை அடைப்பார் மயக்க மருந்து நிபுணர். சொந்த ரத்தமே ஒட்டுப் போடுகிறது!

பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். படுக்கை ஆறுதல்தான், வைத்தியம் அல்ல. டாக்டரிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். "எழுந்தா வலிக்குதும்மா" என்று அவள் சொன்னால், முதலில் நம்புங்கள். குழந்தையை நீங்கள் வாங்கிக்கொண்டு, அவளைப் படுக்க விடுங்கள். பாதி வைத்தியம் அந்த நம்பிக்கையிலிருந்துதான் தொடங்குகிறது.