பெருமருந்து வேர் ஒன்றும் செய்யாதா?

மேகமலை, வருசநாட்டு அடிவாரங்களில் வேலியிலும் புதரிலும் ஏறிக் கிடக்கும் கொடி பெருமருந்து. ஈசுவரமூலி என்றும் சொல்வார்கள். காய் முற்றி வெடித்தால் சின்ன உறி மாதிரி தொங்கும். வேரைக் கீறினால் கற்பூர வாசம் வரும். நாக்கில் வைத்தால் கடுங்கசப்பு. பாம்புக்கடி, காய்ச்சல், வயிற்றுவலி, தள்ளிப்போன மாதவிலக்கு என்று பலவற்றுக்கும் இந்த வேரைக் கொடுக்கிறார்கள். தயங்கினால், "வேர்தானே, என்ன செஞ்சிடப் போகுது?" என்பார்கள்.

செய்யும். அதில் இருக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயை உண்டாக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இந்த அமிலம் உள்ள மூலிகைகளை 2002-லேயே மனிதருக்குப் புற்று வரவழைப்பவை என்று முதல் வகையில் சேர்த்துவிட்டது.

"இயற்கையாய் விளைந்தது கெடுதி பண்ணாது" என்கிறார்கள். கொடி அந்த அமிலத்தை நமக்காகத் தயாரிக்கவில்லை, தன்னை மேயவருபவற்றை விரட்டத் தயாரிக்கிறது. மேகமலையில் பறக்கும் பெரிய கருப்பு மஞ்சள் அழகி வண்ணத்துப்பூச்சியின் புழு இந்த இலையைத் தின்று, அந்த நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்கிறது. அதனால் பறவைகள் அதைத் தீண்டத் தயங்கும். புழுவுக்குத் தாங்கும் உடம்பு இருக்கிறது. நமக்கு இல்லை.

"தாத்தா பாட்டி சாப்பிட்டார்களே, என்ன ஆயிற்று?" இதுதான் எல்லாரையும் வாயடைக்கும் கேள்வி. நானும் இதற்குத்தான் அதிகம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த நஞ்சு வலி காட்டாது. சிறுநீரகம் மாதக்கணக்கில் சுருங்கும், புற்று வருடங்கள் கழித்து வரும். அதற்குள் வேர் சாப்பிட்டதே மறந்திருக்கும். ஐரோப்பாவின் டான்யூப் ஆற்றுப் படுகைக் கிராமங்களில் குடும்பம் குடும்பமாகச் சிறுநீரகம் கெட்டதை 1950-களிலேயே மருத்துவர்கள் எழுதிவைத்தார்கள். கோதுமையோடு கலந்து அரைபட்ட இதே பேரினத்துக் களைச்செடியின் விதைதான் காரணம் என்று உறுதியாவதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது. அந்தக் கிராமத்தினரும் தலைமுறை தலைமுறையாக அதே ரொட்டியைத்தான் சாப்பிட்டார்கள்.

பெல்ஜியத்தில் நடந்ததைச் சொன்னால், "அது சீனாக்காரன் வேர், நம்முடையது வேறு" என்பவர்களும் உண்டு. அங்கே 1990-களின் தொடக்கத்தில், பிரஸ்ஸல்ஸ் எடைக்குறைப்பு மருத்துவகம் ஒன்றில் உடல் இளைக்க மாத்திரை வாங்கிய பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. ஃபாங்ஜி என்ற சீன வேருக்குப் பதிலாக, பெயரில் ஒட்டிய இன்னொரு வேர் சரக்கில் கலந்துவிட்டிருந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூறு பேருக்கு மேல். சிறுநீரகம் நீக்கப்பட்ட 39 பேரைச் சோதித்ததில் 18 பேருக்குப் புற்று இருந்ததாக 2000-ல் வெளியான ஆய்வு சொன்னது. கலந்துபோன அந்த வேரும் நம் பெருமருந்தும் ஒரே பேரினம், இரண்டிலும் இருப்பது அதே அமிலம். சீனாவே பிறகு அந்த வேரை மருந்துப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. தைவான் 2003-ல் தடை போட்டது. வேகவைத்துச் சுத்தி செய்தாலும் அமிலத்தின் அளவு குறையுமே தவிர, முழுதும் போகாது.

பாம்புக்கடிக்கு வருவோம். ஆய்வுக்கூடத்தில் இந்த அமிலம் விரியன் விஷத்திலுள்ள ஒரு நொதியைத் தடுப்பது உண்மை. சோதனைக்குழாயில் ஒரு நொதியைத் தடுப்பது வேறு, கடிபட்டவர் உடம்பில் பரவிய விஷத்தை முறிப்பது வேறு. அந்த வேலையைச் செய்வது ஊசிவழி ஏற்றும் விஷமுறிவு மருந்துதான். திராட்சைத் தோட்டத்தில் கடிபட்டவருக்கு வேர் அரைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அவரை அசைக்காமல் வண்டியில் ஏற்றிக் கம்பம் அரசு மருத்துவமனைக்கோ க.விலக்கு மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டுபோய்விடலாம்.

சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. படித்த சித்த மருத்துவரிடம் போய், இந்த வேரின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஏற்கெனவே சாப்பிட்டவர்கள் பதறவேண்டாம். நிறுத்திவிட்டு, ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரும் சோதித்துக்கொள்ளுங்கள். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் தாமதிக்கக் கூடாது. மருத்துவர் கேட்காவிட்டாலும், என்ன வேர், எத்தனை நாள் சாப்பிட்டீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.